ஒரே மாப்பிள்ளைக்கு இரண்டு கல்யாணக் காட்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் மூவருக்கும்,

போன மாதம் சின்ன முதலாளி எனக்குக் கோல் எடுத்தார். "அக்கா, புதுப் பிள்ளையளுக்கு உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ. காட் தெரிவு செய்து குடுக்கிறது, புறூஃப் பாக்கிறது, வாற ஆக்களோட கதைக்கிறது, இதுகளைப் பற்றி" என்றார். நான் ஓம் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். எந்தக் கடதாசியில் பொன் எழுத்து நிற்கும், எந்த நிறத்தைச் சாமி படத்தோடு சேர்க்கக் கூடாது என்பதையெல்லாம் நீங்கள் இரண்டு கிழமையில் பழகிவிடுவீர்கள். அதற்கு நான் தேவையில்லை. அதனால் சின்ன முதலாளிக்கும் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் அந்த அழைப்பிதழ்க் கடைக் கவுண்டருக்குப் பின்னால், ஓய்வு பெறும் வரைக்கும், முப்பத்தொரு வருடம் நின்றிருக்கிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து காலையில் இரண்டு பஸ் மாறி வந்து ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன். எங்கள் வீட்டில் மாதா படம், கடையில் பிள்ளையார் படம். இரண்டுக்கும் விளக்கு வைத்தவள் நான்.

நீங்கள் இப்போது எழுத்துப் பிழைக்குத்தான் பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். ஒருமுறை வியாழக்கிழமைக்குப் பதிலாகப் புதன்கிழமை என்று அடித்துவிட்டு, ஒவ்வொரு காட்டிலும் சின்னத் துண்டு வெட்டி ஒட்டினோம். பெண்ணின் தகப்பன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கல்யாணம் வியாழக்கிழமை ஒழுங்காக நடந்தது. அந்தப் பெண் பிறகு இரண்டு பிள்ளைகளோடு கடைக்கு முன்னால் போகும்போது கை காட்டுவாள். துண்டு ஒட்டித் திருத்தக்கூடிய பிழைக்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

நான் சொல்லப்போவது வேறு. அந்தக் காட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஆறு வருடம் இருக்கும். மழை பெய்து விட்ட ஒரு முற்பகலில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் ஓய்வுபெற்ற ஆசிரியை. பக்கத்து ஒழுங்கையில் ஃபிளாட் ஒன்றில் இருந்தார்கள். தெருவில் எல்லாரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மகளுக்கு மாலினி என்று பெயர் வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேண்டாம். கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அரை நாள் லீவு எடுத்து வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு டோகாவில் நல்ல வேலை என்று ரீச்சர் கதிரையில் இருக்க முதலே சொல்லிவிட்டார்.

"தரகர் கொண்டு வந்த சம்பந்தம்தான். எண்டாலும் எல்லா இடமும் விசாரிச்சம். ஒரு குறை சொல்ல ஆளில்லை" என்றார்.

மாதிரிக் காட்டுகள் ஒட்டிய பெரிய அல்பத்தை அவர்களிடம் கொடுத்தேன். விபரத் தாளை நிரப்பக் கேட்டபோது, மாப்பிள்ளையின் தகப்பன் தன் கைப்பட எழுதி அனுப்பிய ஒரு துண்டை ரீச்சர் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். திருகோணமலையைப் பிறப்பிடமாகக் கொண்ட இன்னார் தம்பதிகளின் கனிஷ்ட புதல்வன், திருவளர்ச்செல்வன் இன்னார் என்று இருந்தது. தகப்பனின் பெயர் ‘சிறி’ என்று தொடங்கியது. அதன் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டு, ‘ஸ்ரீ என்று போட வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு கோட்டை நான் முதலும் பார்த்திருந்தேன்.

எங்கே என்று உடனே பிடிபடவில்லை. "ஒரு நிமிஷம் ரீச்சர், பழைய எழுத்து மாதிரி ஒண்டு எடுத்துக்கொண்டு வாறன்" என்று பின்னறைக்குப் போய்க் கொம்பியூட்டரில் தகப்பனின் பெயரைத் தேடினேன். வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தின கோப்பு. அதே தகப்பன், அதே தாய், அதே ஊர். அதே கனிஷ்ட புதல்வன், பெயர் எழுத்துக்கு எழுத்து அதே. பெண் மட்டும் வேறு, மட்டக்களப்புப் பிள்ளை. மண்டபம் கொழும்பில். அன்றைக்கு அந்த மனிதர் தன் பெயருக்காக இரண்டு தரம் புறூஃபைத் திருப்பி அனுப்பியதும் ஞாபகம் வந்தது.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தக் காட் வடிவாக வந்தது என்று நானே அதில் ஒன்றை மாதிரி அல்பத்தில் ஒட்டியிருந்தேன்.

கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். தாயும் மகளும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து அல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அந்தக் காட் இருந்த இடத்துக்கு இன்னும் ஐந்தாறு பக்கம்தான் இருந்தது.

எனக்கு இருந்தது அவ்வளவு நேரம்தான். அதற்குள் என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். முதல் மனைவி இறந்திருக்கலாம். விவாகரத்து முறையாக முடிந்திருக்கலாம். இவர்களுக்கு எல்லாம் தெரிந்தே இருக்கலாம், கடைக்காரியிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? நான் வாய் திறந்து ஒரு நல்ல சம்பந்தம் குழம்பினால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? பெரிய முதலாளியின் சொல்லும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் சொன்னது: இந்தக் கடையில் அடிக்கிறது இந்தக் கடைக்கு வெளியே போகக் கூடாது.

இவை எல்லாம் நல்ல நியாயங்கள். ஆனால் இவற்றுக்குக் கீழே இருந்தது பயம். ரீச்சரின் முகம் மாறுவதை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

வெளியே போனேன். "ரீச்சர், இதில எல்லாம் பழைய டிசைன். இந்த மாதம் வந்த அல்பம் தாறன்" என்று சிரித்துக்கொண்டே அல்பத்தை அவர்கள் கைக்குக் கீழிருந்து இழுத்தேன். மாலினி ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். "இது எனக்குப் பிடிச்சிருக்கு அன்ரி" என்றாள். "அதைவிட வடிவானது புதுசில இருக்குப் பிள்ளை" என்றேன். அவள் விரலை எடுத்தாள்.

வெள்ளைக் கடதாசியில் மெல்லிய பச்சைக் கரை போட்ட ஒன்றைத் தெரிவு செய்தார்கள். அவர்கள் போனதும் பழைய அல்பத்திலிருந்து அந்தக் காட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

பின்னேரம் பெரிய முதலாளியிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்கள் அச்சடிக்கிற ஆக்கள். விசாரிக்கிற ஆக்கள் இல்லை. நீர் சரியாத்தான் செய்திருக்கிறீர்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தச் சட்டத்தால் எத்தனையோ குடும்பங்களின் மானத்தைக் காப்பாற்றியவர். அவர் சரி என்று சொன்னதும் எனக்கும் ஆறுதலாக இருந்தது. இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் பஸ்ஸில் வரும்போது, சொல்லியிருக்க வேண்டிய வசனம் தானாக வந்தது. "ரீச்சர், மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் முதலும் காட் அடிச்சிருக்கிறம். என்ன விசேஷத்துக்கெண்டு அவையிட்டயே ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ." அவ்வளவுதான். ஒருவரையும் குற்றம் சொல்லாத வசனம். முதல் பெண்ணின் பெயர் அதில் இல்லை. மிச்சத்தை அவர்களே விசாரித்திருப்பார்கள்.

அடுத்த கிழமை புறூஃப் பார்க்க மாலினி தனியே வந்தாள். வசனம் என் வாயில் தயாராக இருந்தது. அவள் ஆற அமர வாசித்தாள். தன் பெயருக்கு முன்னால் ‘திருநிறைச்செல்வி’ என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, வெளிநாட்டு மாப்பிள்ளைமாருக்கு எவ்வளவோ காட் அடிச்சிருப்பீங்கள். அவையெல்லாம் நல்லா இருக்கினமா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவளுக்குள்ளும் ஏதோ ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். யாராலும் எனக்கு அதைவிட நல்ல வழி திறந்துவிட்டிருக்க முடியாது.

"நல்லா இருப்பினம் பிள்ளை. ஏன் யோசிக்கிறீங்கள்?" என்றேன்.

அவள் கையெழுத்து வைத்தாள்.

காட் கட்டுகளை எடுக்க மாலினியின் தகப்பன் வந்தார். சாந்தமான மனிதர், முழங்கால் வலி. ஒவ்வொரு காட்டின் மூலையிலும் மஞ்சள் தொட்டு, தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகச் சொன்னார். எனக்கும் ஒன்றில் பெயர் எழுதித் தந்தார். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் மத்தியானம், கடையில் ஆட்கள் இல்லாத நேரம், மாலினி வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இடது கையை உடம்போடு அணைத்து வைத்திருந்தாள். கைப்பையைக் கவுண்டரில் வைத்து, ஒற்றைக் கையால் திறந்து ஒரு காட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் லாச்சிக்குள் போட்ட அதே காட்டின் இன்னொரு பிரதி. அவளுடைய மாமியார் வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடந்ததாம். திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் அடியில், எறும்பு அளவு எழுத்தில் எங்கள் கடையின் பெயர்.

"இது நீங்கள் அடிச்சதுதானே அன்ரி?"

"ஓம்."

"எங்கட காட் அடிக்கேக்க உங்களுக்கு இது தெரியுமா?"

பிள்ளைகளே, பொய் சொல்ல எனக்கு இடம் இருந்தது. வருடத்துக்கு எத்தனை காட் அடிக்கிறோம், யாருக்கு ஞாபகம் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் வந்தாளோ என்றும் பிறகு யோசித்திருக்கிறேன்.

"தெரியும்" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. காட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அண்டைக்கு அல்பத்தை வாங்கினது அதுக்காகத்தான்."

"ஓம் பிள்ளை."

"நான் புறூஃப் பாக்க வந்த நாள் உங்களிட்டக் கேட்டனான்."

"கேட்டனீங்கள்."

கதிரையை இழுத்துக் கொடுத்தேன். இருந்தாள். கடைசியில் அவளாகவே சொன்னாள். டோகாவுக்குப் போன மூன்றாம் மாதமே கை நீட்டத் தொடங்கிவிட்டானாம். தோள் மூட்டு விலகியது கடைசித் தரம். லீவில் வந்த இடத்தில் இந்தக் காட்டைப் பார்த்த பிறகுதான், இது தன்னுடைய குறையால் வந்தது இல்லை என்று விளங்கியதாம். அதுவரைக்கும், தான் ஏதோ பிழையாக நடக்கிறாள், அதனால்தான் அவனுக்குக் கோபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கல்யாணப் பதிவுக்கு எழுத்து வைக்கும்போது அவன் தன்னை மணமாகாதவன் என்றே பதிந்திருந்தான்.

"இந்தப் பொம்பிளையோட நான் கதைக்க வேணும். உங்களிட்ட நம்பர் இருக்குமே" என்றாள்.

இருந்தது. கோப்பில் மட்டக்களப்பு வீட்டு நம்பர் இருந்தது. அந்த நேரத்திலும் முதலாளியின் சட்டம் காதில் கேட்டது. இந்தத் தரம் நான் முதலாளியிடம் போகவில்லை. நம்பரை மாலினியிடம் கொடுக்கவும் இல்லை. அந்தப் பெண்ணும் ஒரு காலத்தில் எங்களை நம்பித் தன் விபரத்தைத் தந்தவள்தானே. பின்னறைக்குப் போய் நானே கோல் எடுத்தேன். தாய் எடுத்தார். நான் யார், எந்தக் கடை, எதற்கு எடுக்கிறேன் என்று மறைக்காமல் சொன்னேன். பிறகு மகளே போனை வாங்கினாள்.

"நான் ஏழு மாசம் இருந்த. பிறகு தப்பி வந்து கோட்டில விவாகரத்து எடுத்த. எனக்கு முன்னால ஒருத்தியும் இல்ல, அதால எனக்குச் சொல்ல ஆளில்ல. அவக்கு நான் இருந்தன். என்னட்ட ஒருத்தரும் வந்து கேக்கல்ல" என்றாள். குரலில் கோபம் இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது. "அவவ எடுக்கச் சொல்லுங்க. நான் கதைக்கிறன்."

மாலினி பின்னறையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தாள். நான் வெளியே நின்று, வந்தவர்களுக்குப் பூப்புனித நீராட்டு விழாக் காட்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "நீங்கள் தெரிஞ்சும் சொல்லாததை அம்மாவுக்கு நான் சொல்லப் போறேல்ல. உங்களுக்காக இல்லை. அவவால தாங்கேலாது" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை.

மாலினியின் விவாகரத்து வழக்குக்கு மட்டக்களப்புப் பெண் வந்து சாட்சி சொன்னாள் என்று கேள்விப்பட்டேன். மாலினிக்கு விடுதலை கிடைத்தது. திரும்பவும் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறாள். கை இன்னும் தோளுக்கு மேல் எழும்புவதில்லை. தகப்பன் வெளியே வருவதை நிற்பாட்டிவிட்டார். எந்தெந்த வீட்டுக்குக் காட் கொண்டு போனாரோ, அந்த வீட்டு ஆட்கள் எல்லாரும் வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியில் நடமாடுகிறவர்கள்தானே. கோயிலுக்கும் போவதில்லை என்று சொன்னார்கள்.

பெரிய முதலாளி அப்போது நோயில் கிடந்தார். போய்ச் சொன்னேன். "நான் சொன்னதைத்தானே நீர் செய்தனீர். அது என்ர பிழை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பிழையை என்னால் அவரிடம் கொடுத்துவிட்டு வர முடியவில்லை. பஸ்ஸில் வசனம் வந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தது அவர் இல்லை, நான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கவுண்டரில் கேட்டதை வெளியே கொண்டுபோய்க் கதைக்காதீர்கள், அந்தச் சட்டம் நல்லது. ஆனால் அந்தச் சட்டம் கடைக்கு வந்தவர்களைக் காப்பாற்றப் போட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உங்களைக் காப்பாற்றுகிறீர்களா, எதிரில் இருக்கிற ஆளைக் காப்பாற்றுகிறீர்களா என்று ஒருக்கால் பாருங்கள். அவசரத்தில் எல்லா நியாயமும் ஒரே பக்கம் வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். முழு உண்மையும் தெரியாவிட்டால், தெரிந்த அளவை மட்டும், குற்றம் சாட்டாமல் சொல்லுங்கள். முதல் நாள் தவறினால் புறூஃப் நாள் இருக்கிறது. கையெழுத்து வைக்கும் வரைக்கும் நேரம் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தை வாசலில் ரீச்சரைக் கண்டேன். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் அவராகவே கையைப் பிடித்தார். சுகம் விசாரித்தார். பிறகு மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"நான்தான் பிழை விட்டனான். டோகா எண்டதும் அவசரப்பட்டிட்டன். இன்னும் ரெண்டு பேரிட்ட விசாரிச்சிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறன்" என்றார்.

என் பங்கை மாலினி தாய்க்குச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறுதியானது. அவளைப் போல நானும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் என்னுடைய பங்கையும் சேர்த்து அந்த அம்மா தனியே சுமந்துகொண்டு நிற்கிறாரே. சனம் போய் வந்துகொண்டிருந்த அந்த வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். துண்டில் இருந்த சிவப்புக் கோடு, கொம்பியூட்டர், அல்பம், புறூஃப் நாள், எல்லாம்.

ரீச்சர் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். மரக்கறிப் பையை மறு கைக்கு மாற்றினார்.

"அண்டைக்கு நீங்கள் சொல்லியிருந்தா, நான் உங்களோட சண்டை பிடிச்சிருப்பன். எரிச்சல் பொறாமையில கதைக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டு வேற கடைக்குப் போயிருப்பன்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"எண்டாலும் சொல்லியிருக்க வேணும்" என்றார்.

பிறகு குடையை விரித்துக்கொண்டு காலி வீதியைக் கடந்தார். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.